பால்வாடியின் கெட்டிக்காரி

முதுநகர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துப் பால்வாடிக்குப் பிள்ளைகளைவிடப் பல்லிகள்தான் ஒழுங்காக வருகின்றன என்பாள் ஆயா பவானி. கயல்விழி டீச்சருக்குச் சிரிப்பு வராது. இன்னும் ஒரு பிள்ளை குறைந்தாலும் இதை மூடித் தண்டவாளத்துக்கு அந்தப்பக்க மையத்தோடு சேர்த்துவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கூலி வேலைக்கு ஓடுகிற தாய்மார்கள் தினமும் கேட்டைத் தாண்டிப் பிள்ளையை எப்படிக் கூட்டிப் போவார்கள்? பாதிப் பிள்ளைகள் வீட்டிலேயே நின்றுவிடும்.

பிள்ளை கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கிக் கால் வலித்ததுதான் மிச்சம்.

"நர்சரியில ஷூ, டை போட்டு வேன்ல கூட்டினு போறாங்க டீச்சர். இங்க முட்டைதான குடுக்குறீங்க?" என்றார்கள்.

முட்டை என்ன அவ்வளவு கேவலமா? அந்த எரிச்சலில்தான் கலர், பழம் எல்லாவற்றையும் இங்கிலீஷிலும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். துறைமுகத்தில் மீன் இறக்கும் அருள்முருகனின் மகள் தன்ஷிகாவுக்குக் கற்பூர புத்தி. ஒருதரம் சொன்னால் போதும்.

திங்கட்கிழமை அருள்முருகன் லட்டு டப்பாவோடு வந்து நின்றான்.

"டீச்சர், நர்சரியில இன்டர்வியூ வெச்சாங்க. பாப்பா டக்கு டக்குனு சொல்லிடுச்சு. சீட்டு குடுத்துட்டாங்க. எல்லாம் ஒங்களாலதான்."

கயல்விழி எடுத்த லட்டை டப்பாவிலேயே திரும்ப வைத்தாள். "இங்கயே இருக்கட்டுமேப்பா. நான் நல்லாப் பாத்துக்க மாட்டனா?"

"நீங்க நல்லாப் பாத்துக்கிட்டதாலதான் டீச்சர் அங்க எடுத்துக்கிட்டாங்க!"

முகமெல்லாம் சந்தோஷமாக நிற்கிறவனிடம் எப்படிக் கோபப்படுவது? அவன் போனதும் பவானி பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கெட்டிக்காரி ஆக்குனீங்க, வேன் வந்து தூக்கினு போவுது. இனிமே சோத்தப் போட்டமா, தூங்க வெச்சமான்னு இருங்க."

அதுதான் சரியென்று கயல்விழிக்கும் பட்டது. அவ்வளவு அலுப்பு. நாளைக்கு சூப்பர்வைசருக்கு என்ன சொல்வது என்றுகூட யோசிக்கத் தெம்பில்லை.

மறுநாள் காலையில் பக்கத்துத் தெரு சிந்துஜா தன் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"தன்ஷிகா மாதிரியே இவனையும் ரெடி பண்ணிக் குடுங்க டீச்சர். அடுத்த வருசம் அங்க சேக்கணும்."

ஆக, மையம் இந்த வருஷம் பிழைத்தது. அதுவும் அந்த நர்சரிக்கு ஆள் தயார் செய்து கொடுக்கத்தான் என்று நினைத்தபோது கயல்விழிக்கு அழுகையே வந்தது. சேர்த்துக்கொண்டாள்.

பையன் சுவரில் வரைந்திருந்த கிளியிடம் போய் நின்றான். "இது இன்னா கலரு?"

பேசாதீர்கள் என்று பவானி கண்ணைக் காட்டினாள். பையன் வாயைத் திறந்தபடி டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பச்சை," என்றாள் கயல்விழி. பவானி பக்கம் திரும்பாமலே, "இங்கிலீஷ்ல கிரீன்."

"கிரீன்!"

பவானி தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு. இவனும் கற்பூரம்."