கையை எடு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது அல்ல, பக்கத்து இருக்கையிலிருந்து எடுத்தது. வீட்டுச் சாமான்களைப் பற்றிய புகார்களைத் தொலைபேசியில் கேட்பது எங்கள் வேலை. மதியம் தொடங்கி இரவில் முடியும். இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் என் தோழி தன் வீட்டு விஷயம் சொல்வாள். பாதி வாக்கியத்தில் மணி அடித்துவிடும். மீதியை நானே கட்டிக்கொள்வேன். ஆகவே இதில் எங்காவது ஒரு வாக்கியம் அறுந்து தொங்கினால் என்னைத் திட்டாதீர்கள். யாரோ ஒருவருடைய மிக்ஸி ஓடவில்லை என்று அர்த்தம்.

விஷயம் இவ்வளவுதான். அவள் வேலைக்குக் கிளம்பியபின் வீட்டில் இரண்டு ஆண்கள். ஒருவர் அவள் அப்பா, ஒருவர் அவள் கணவர். இருவரும் சேர்ந்து இரவுச் சாப்பாட்டைச் சமைக்க வேண்டும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘அந்தி சாயும் வேளையில், தனிமையின் சாம்பல் படிந்த அந்தச் சமையலறையில்...’

(வேண்டாம். அது பளிச்சென்று துடைத்த சமையலறை. தோழி படித்தால் என்னைத் துடைத்துவிடுவாள்.)

இரண்டாம் முயற்சி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். டன் கணக்கில் இரும்பை, முட்டையை வைப்பதுபோல் தரையில் இறக்கி வைத்த கை. அந்தக் கைக்கு ஒரு வெங்காயம் வசப்படவில்லை. மனைவி இருந்தவரை தண்ணீர் குடிக்க மட்டுமே சமையலறைக்குள் போனவர். மனைவி காலமானபின் மகள் வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளை குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கும் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன் நண்பர்களோடு ஒரே அறையில் கிடந்து, முறை வைத்துச் சமைத்துக் கற்றுக்கொண்டவர். ஆக, தெரிந்தவர் சின்னவர், தெரியாதவர் பெரியவர். சிக்கலே அங்கேதான்.

மாமனாரை எப்படி வேலை வாங்குவது? மாப்பிள்ளையை எப்படித் தனியாக அடுப்படியில் நிற்க விடுவது? இவருக்கு அவர் விருந்தாளி, அவருக்கு இவர் விருந்தாளி. இரண்டு பேரும் விருந்தாளிகளாக இருக்கும் வீட்டில் யார் பரிமாறுவது?

“நீங்க முதல்ல உக்காருங்க மாமா.”

“அதெப்படி மாப்பிள்ளை, நீங்க உக்காருங்க.”

சோறு ஆறும்வரை இருவரும் நிற்பார்களாம்.

3

மெக்கானிக் ஒரு வழி கண்டுபிடித்தார். மாமனாரிடம் சொல்ல வேண்டியதைக் காய்கறியிடம் சொன்னார்.

“இந்த வெங்காயம் இன்னும் கொஞ்சம் சின்னதா இருந்தா நல்லாருக்கும்,” என்பார், சுவரைப் பார்த்து.

அப்பா வெங்காயத்தைப் பார்ப்பார். “மாப்பிள்ளை சொல்றது காதுல விழுதா?” என்று அதைக் கேட்டுவிட்டு மேலும் பொடியாக நறுக்குவார்.

இப்படியே நடந்தது பாடம். பலகை வழுக்காமல் இருக்க அடியில் ஈரத்துணி. விரல் நுனிகளை உள்ளே மடக்கிப் பிடித்தால் கத்தி விரல் முட்டியைத் தடவிக்கொண்டு போகும், நகத்தைத் தொடாது. வதக்கும்போதே ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் வெங்காயம் தண்ணீர் விட்டுச் சீக்கிரம் குழையும். சோறு வெந்ததும் அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் சும்மா விட வேண்டும்.*

* சும்மா விடுவதும் சமையல்தான் என்பது மெக்கானிக்கின் கட்சி. சும்மா இருப்பதும் எழுத்துதான் என்பது என் கட்சி. என் வீட்டில் இதை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

4

புதன்கிழமை மாலை. சோறு வெந்து, அடுப்பு அணைந்து, பாத்திரம் மூடியபடி இருந்தது. மெக்கானிக் முட்டை உடைத்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பொறுமை போதவில்லை. வெந்துவிட்டதா என்று பார்க்க, துணி எதுவும் பிடிக்காமல், வெறுங்கையோடு மூடியின் இரும்புப் பிடியை நோக்கி

(இங்கே தோழிக்கு அழைப்பு வந்துவிட்டது. யாருடைய சலவை இயந்திரமோ சுற்றவில்லை. அவள் அப்பாவின் கை அந்தரத்தில் நிற்க நான் காத்திருந்தேன். நீங்களும் கொஞ்சம் காத்திருங்கள்.)

“கையை எடு!”

கத்தியது மாப்பிள்ளை. கை தப்பித்தது. ஆனால் கவனித்தீர்களா? ‘எடுங்க’ இல்லை, ‘எடு’. நம் பேச்சில் மரியாதை வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலைபோகிற அவசரத்தில் வாலை யார் பார்க்கிறார்கள்?

விழுந்துபோன அந்த ஒரு ‘ங்க’வுக்கு ஈடாக மெக்கானிக் மூட்டை மூட்டையாய் ‘ங்க’ கொண்டுவந்து கொட்டினார். “மன்னிச்சிடுங்க மாமா. வாய் தவறி வந்துடுச்சுங்க. நீங்க போய் உக்காருங்க, நான் பாத்துக்கறேங்க.” அப்பா போய் உட்கார்ந்தார். அன்று காய்கறியோடுகூட யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை அப்பா தன் பெட்டியில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தன் அண்ணன் வீட்டுக்குப் போகிறாராம். “கொஞ்ச நாள் இருந்துட்டு வரேம்மா.” அப்பாக்கள் சொல்லும் கொஞ்ச நாள் எவ்வளவு என்று மகள்களுக்குத் தெரியாதா?

5

முதல் பிரதியில் அவரைக் கோபக்காரராக எழுதியிருந்தேன். ‘என்னை ஒருமையில் பேச இவன் யார் என்று அவர் ரத்தம் கொதித்...’ வியாழன் மாலை இடைவேளையில் தோழி அதைப் பிடுங்கிப் படித்தாள்.

“எங்கப்பாவுக்கு ரத்தமெல்லாம் கொதிக்காதுடி. சர்க்கரைதான் ஏறும்.”

“அப்ப எதுக்குப் போறாரு?”

“‘மாப்பிள்ளை கத்தலைன்னா கை வெந்திருக்கும்மா. அதுல எனக்கு ஒண்ணுமில்லை. ஆனா என் மூஞ்சியப் பாக்கவே அவர் கூச்சப்படறார். அவர் வீட்டுல அவர் ஏன் ஒடுங்கி நிக்கணும்?’ இதான் எங்கப்பா சொன்னது.”

“உன் வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?”

“‘மாமா போயிட்டா நான் யாருக்குச் சமைக்கிறது?’ன்னாரு. காலையிலேர்ந்து அது ஒண்ணுதான் சொல்றாரு. ஆனா அதைப் போய் மாமாகிட்ட சொல்லத் தெரியலை.”

எழுதியதை அடித்துவிட்டேன். வில்லன் இல்லாத கதையில் இதுதான் கஷ்டம், யாரையும் திட்டி ஆற்றிக்கொள்ள முடியாது.

6

அதே இடைவேளையில் அவள் கைபேசி அடித்தது. கணவர். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“உங்கப்பா அடுப்படிக்கு வந்துட்டார்,” என்று கிசுகிசுத்தார் மெக்கானிக். “ஈரத்துணி விரிச்சு, பலகையை வெச்சுக்கிட்டு நிக்கிறார். ஒண்ணும் பேசலை. நான் என்ன பண்ண?”

“எங்கிட்ட ஏன் கேக்கறீங்க? அவர்கிட்ட பேசுங்க.”

அவர் போனை அணைக்காமலே எங்கேயோ வைத்தார். ஏதோ உருளும் சத்தம் கேட்டது. பிறகு, பழைய பழக்கத்தில், “இந்த வெங்காயம் கொஞ்சம்...” என்று ஆரம்பித்தார்.

“வெங்காயத்துக்கிட்ட பேசாத,” என்றது அப்பாவின் குரல். “எங்கிட்ட சொல்லு.”

தோழி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வாங்க, போங்க தவிர வேறு எதுவும் அந்த வாயிலிருந்து மாப்பிள்ளைக்கு வந்ததே இல்லை.

“மாமா, நேத்து நான்...”

“நேத்து சொன்னியே, அதே மாதிரி சொல்லு. எனக்கு அதுதான் டக்குனு புரியுது. கிரேன்ல இருந்தப்ப கீழேருந்து ஒருத்தன் ‘தயவுசெஞ்சு நிறுத்துங்க ஐயா’ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள, கப்பல்ல பாதி முழுகியிருக்கும்.”

அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் போன்மேல் குனிந்தோம்.

“வெங்காயத்தை நறுக்கு,” என்றார் மெக்கானிக். கொஞ்சம் மூச்சு வாங்கினார். “...ங்க.”

“பாதி வந்துருச்சு,” என்றார் அப்பா. “பரவால்ல. மீதி நாளைக்கு.”

கத்தி பலகையில் இறங்கத் தொடங்கியது. தோழி போனை மெதுவாக அணைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இரண்டும்தான்.

7

இனி முடிவு. பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

ஒன்று: அன்று இரவே துணிகள் அலமாரிக்குத் திரும்பின. (இனிப்பு கூடிவிட்டது. அவருக்குச் சர்க்கரை.)

இரண்டு: ஞாயிற்றுக்கிழமை போனார். அண்ணன் முன்னால் ஒரு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிக் காட்டிப் பீற்றிக்கொண்டு, மறு வாரமே திரும்பிவிட்டார். (இது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதால் சந்தேகமாகவும் இருக்கிறது.)

மூன்று: போனார். மெக்கானிக் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப

இதை எழுதிக்கொண்டிருந்தபோது தோழி என் பேனா மேல் கை வைத்தாள்.

“இன்னைக்கு வியாழக்கிழமைதான். அதுக்குள்ள என்னடி அவசரம்?” என்றாள். “கையை எடு. கொஞ்ச நேரம் சும்மா விடு.”

அவளுக்கு அழைப்பு வந்தது, எனக்கும் வந்தது.

இந்நேரம் அவர்கள் அடுப்பை அணைத்திருப்பார்கள். சோறு மூடிக்குள் இருக்கிறது. பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையை நீங்கள்தான் எழுத வேண்டும். உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்க உங்களுக்கும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுத்துத் திறந்து பாருங்கள். துணி பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் கையை எடுத்துவிட்டேன்.