ஆறு தாவிய இடத்து வழக்கு

என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே புத்தகம் பதினாறு பக்கம்தான். நெப்ராஸ்காவில் இருக்கும் எங்கள் ஃபெடரல் கோர்ட்டின், அதாவது மத்திய அரசு நீதிமன்றத்தின், வரலாறு. ஆண்டு விழாவுக்கு யாராவது எழுத வேண்டும் என்றார்கள், யாரும் கை தூக்கவில்லை, கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் நோரீன் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த நோரீன் நான்தான். ஆறு மாதம் மதியச் சாப்பாட்டு வேளையில் பழைய பதிவேடுகளைப் புரட்டி எழுதினேன். அச்சாகி வந்ததும் வாசல் கூடத்து அலமாரியில் அடுக்கி வைத்தார்கள். யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

அதில் ஒன்பதாம் பக்கம் கெட்டில் வளைவு என்ற ஆற்றங்கரை இடத்தைப் பற்றியது. நெப்ராஸ்காவுக்கும் அயோவாவுக்கும் நடுவே மிசௌரி ஆறுதான் எல்லை. ஆறு கரையை மெல்ல மெல்ல அரித்து நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். வெள்ளத்தில் ஒரேயடியாகத் தாவிப் புது வழியில் ஓடினால் எல்லை பழைய தடத்திலேயே நின்றுவிடும். சட்டம் அப்படி. மதுவிலக்குக் காலத்தில் கெட்டில் வளைவில் சாராயம் காய்ச்சிய ஒருவனைப் பிடித்து எங்கள் கோர்ட்டில் நிறுத்தினார்கள். அவன், ஐயா, 1912 வெள்ளத்தில் ஆறு எங்கள் நிலத்தைத் தாண்டிக் குதித்தது, இப்போது பார்த்தால் அது நெப்ராஸ்கா கரை, ஆனால் அடுப்பு மூட்டியது அயோவா மண்ணில் என்றான். நீதிபதி வரைபடத்தைப் பார்த்து, இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று அனுப்பிவிட்டார். அவன் போகிற போக்கில் நீதிபதிக்குத் தொப்பியைத் தூக்கினான் என்று நானே ஒரு வரி சேர்த்தேன். சிரிக்கட்டுமே என்றுதான்.

அந்தக் கெட்டில் வளைவில்தான் ஆர்லிஸ் குபிசெக் குடியிருக்கிறார். எழுபத்து நான்கு வயது. கணவர் லூமிர் அயோவா கம்பெனி ஒன்றின் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். சோளக் குதிருக்குள் இறங்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது கீழே இயந்திரத்தை ஓட்டிவிட்டார்கள். சோளம் அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. கம்பெனி அன்று மாலையே சொல்லிவிட்டது: சுவிட்சைப் பூட்டாமல் இறங்கினார், அவருடைய கவனக்குறைவுதான். ஊரும் அதையே சொன்னது. நாற்பது வருஷம் ஒரு நாள்கூட அவசரப்படாத மனிதரை, செத்த பிறகு அவசரக்காரர் ஆக்கிவிட்டார்கள்.

ஆர்லிஸ் வழக்குப் போட்டார். மாநிலக் கோர்ட்டுக்குப் போகாமல் எங்களிடம் வந்ததற்குக் காரணம், இரு தரப்பும் வெவ்வேறு மாநிலத்தார் என்பது. அப்படி இருந்தால்தான் இந்த மாதிரி வழக்கை நாங்கள் கேட்க முடியும். அவருடைய ஓட்டு நெப்ராஸ்காவில், வரி நெப்ராஸ்காவில், தபாலும் நெப்ராஸ்கா. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்று வருஷம் இழுத்தது. கடைசியில் ஜூரி எட்டுப் பேரும் ஒரே குரலில், லூமிர் மேல் தப்பில்லை என்றார்கள். ஆர்லிஸ் அழவில்லை. கைப்பையை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரத்தில் கம்பெனி வக்கீல் மனுப் போட்டார். வாசல் கூடத்தில் காத்திருந்தபோது பொழுது போகாமல் என் புத்தகத்தை எடுத்துப் புரட்டியிருக்கிறார். மனுவோடு முதல் இணைப்பாக ஒன்பதாம் பக்கம். கெட்டில் வளைவு அயோவா என்றால் ஆர்லிஸும் அயோவாக்காரர், கம்பெனியும் அயோவா, ஆகவே வழக்கைக் கேட்க இந்தக் கோர்ட்டுக்கு என்றைக்குமே அதிகாரம் இருந்ததில்லை. அதிகாரக் கேள்வியை எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம். தீர்ப்பு வந்த பிறகும் எழுப்பலாம். அந்த மனுவைப் பதிவு செய்து எண் போட்டவளும் நான்தான்.

நீதிபதி ஒரு மாதம் வரைபடங்களோடு உட்கார்ந்தார். ஆறு தாவியதுதான், நகரவில்லை. தீர்ப்பு ரத்து.

மறு வாரம் ஆர்லிஸ் கவுன்ட்டருக்கு வந்தார். அயோவா கோர்ட்டில் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று அவருடைய வக்கீல் சொன்னாராம்.

"மறுபடியும் அவர் சோளத்துல புதைஞ்சு கெடந்த போட்டோவ எல்லாருக்கும் காட்டணும். என்னால ஆகாதும்மா. உடம்புல தெம்பு இல்ல."

நான் சொல்லிவிட்டேன்.

"அந்தப் புத்தகம் நான் எழுதினது."

"தெரியும். பேரு போட்டிருக்கே." ஆர்லிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனுவோட வந்த சாராயக்காரன் கதையப் படிச்சுச் சிரிச்சேன். சிரிச்சதுக்கு அப்புறம்தான் எங்க வீடுன்னு உறைச்சுது."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

"ஆறு தாவினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. எனக்கு அந்த ஜூரி பேப்பர் ஒண்ணு வேணும். அதையும் கிழிச்சுட்டீங்களா?"

எதையும் கிழிப்பதில்லை என்றேன். ரத்தான தீர்ப்பும் கோப்பில்தான் கிடக்கும். எடுத்து நகல் போட்டு, முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆர்லிஸ் அதில் ஜூரி பதில் எழுதியிருந்த நான்காம் கேள்வியில் விரலை வைத்தார். லூமிர் குபிசெக்கின் கவனக்குறைவு இந்த மரணத்துக்குக் காரணமா? இல்லை. கீழே ஜூரித் தலைவரின் கையெழுத்து.

"இந்த முத்திரையில என்ன போட்டிருக்கு? எழுத்து பொடிசா இருக்கு."

"உண்மை நகல்னு போட்டிருக்கு."

"செல்லாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

"இல்ல. அது வேற பேப்பர்."

"அந்தப் பேப்பர் எனக்கு வேண்டாம்" என்றார் ஆர்லிஸ். வரிசையில் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். அவர் அவசரப்படவில்லை. முத்திரை மை காயும்வரை தாளை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.