தீர்ப்பு வராத பட்டிமன்றம்

"லிங்கன் கையெழுத்துப் போடலன்னா அடிமைங்களுக்கு ஏது விடுதலை? ஒங்க ஊர்வலத்த வச்சு என்ன பண்றது, பாய்?"

"அவர போட வச்சது யாருங்கிறேன்? பொம்பளைங்க வீடு வீடாப் போயி லட்சக்கணக்குல கையெழுத்து வாங்கலியா? டீ ஆறுது, குடி கோ உதயா."

ரங்கூன் லான்மடாவ் பகுதி டீக்கடையில் பக்கத்து மேசைச் சண்டை. திரும்பினால் உதயசூரியன் அண்ணனும், அவரைப் பர்மிய மரியாதைப்படி 'கோ' போட்டு அழைக்கும் ரவூப் பாயும்.

என் பள்ளி நாட்களில் கோயில் மண்டபத்தில் இவர்கள் பேசிய பட்டிமன்றம் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்தது சீர்திருத்தவாதிகளா, அரசியல்வாதிகளா? நடுவர் தீர்ப்புச் சொல்ல எழுந்த நேரம் கரண்ட் போய்விட்டது. இருட்டிலேயே சுண்டல் வாங்கிக்கொண்டு சிரித்தபடி கலைந்தோம். அந்த நடுவர் இப்போது இல்லை.

"அண்ணே, அன்னிக்கு நீங்கதானே சீர்திருத்தக்காரங்க கட்சி? பாய்தானே அரசியல்வாதி கட்சி?" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவரு பேசிப் பேசி என்னய மாத்திப்புட்டாரு" என்றார் அண்ணன்.

"என்னய மாத்துனது இவன்தாம்மா" என்றார் பாய்.

பாய் அடுத்த வாரம் மகளோடு இருக்கப் பினாங்கு போகிறார். இனி திரும்பமாட்டார். "தீர்ப்பு கேக்காமலே போறேன், அதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றார்.

சீர்திருத்தவாதிகளும் அரசியல்வாதிகளும் சேர்ந்துதான் ஒழித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நான் அன்று நேரம் பார்த்து மணி அடித்தவள் மட்டுமே. உங்கள் தீர்ப்பைக் கீழே எழுதுங்கள். விமானம் ஏறுமுன் பாய்க்கு வாசித்துக் காட்டுகிறேன்.