தங்கையின் இடுப்பளவு

தங்கையின் நீலச் சட்டையைப் பிரித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள் அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வருவதற்குள் முடித்தாக வேண்டும். எவ்வளவு பிடித்தும் அவளுடைய இப்போதைய இடுப்பளவுக்குத் தொளதொளவென்றே நின்றது.

சின்ன வயதில் தங்கைதான் குண்டு. வீட்டில் எல்லோருக்கும் அவள் பூசணி. அக்கா கொடி மாதிரி இருப்பாள். பிள்ளை பெற்று, நாள் முழுக்கத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து கொடி பருத்துவிட, போன வருஷத்திலிருந்து பூசணி இளைக்கத் தொடங்கினாள். பார்த்தவர்களெல்லாம் வாய் வலிக்கப் புகழ்ந்தார்கள்.

"என்னடி பண்றே? எனக்கும் சொல்லேன்."

"ஒண்ணுமில்லக்கா. கொஞ்சமா சாப்பிடுறேன், அவ்வளவுதான்."

இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளுவாள். மினுக்கி என்று மனதுக்குள் திட்டியபடி, மிச்சத்தையும் அக்காவே தின்று தீர்ப்பாள்.

நேற்றுக் காலை சுருண்டு விழுந்தவள் பிழைக்கவில்லை. குடலுக்குப் போகும் ரத்தக் குழாய் ரொம்ப நாளாகவே சுருங்கியிருந்ததாம். "சாப்பிட்டா வலிச்சிருக்கும். அதுக்குப் பயந்தே சாப்பாட்டைக் குறைச்சிருப்பாங்க. இப்ப மொத்தமா அடைச்சு, குடலே அழுகிடுச்சு" என்றார் டாக்டர்.

கதவருகே விசும்பல் கேட்டது. சலவைக் கடையில் தங்கையோடு வேலை பார்த்த இஸ்திரிக்காரி.

"சோறு உள்ள போனா போதும்க்கா, துணி மூட்டை மேல சுருண்டுக்குவா. நான்தான் வெந்நீர் வெச்சுக் குடுப்பேன்."

மிஷின் நின்றது.

"உன்கிட்ட சொன்னாளா?"

"ம்."

எங்கிருந்தோ வந்தவள் இவள். இவளுக்குத் தெரிந்திருக்கிறது. அக்காவுக்குக் காதுமடல் சுட்டது.

"கூடப் பொறந்தவ நான் இருக்கேன். எங்கிட்ட ஏன் சொல்லல?"

இஸ்திரிக்காரி முந்தானையைத் திருகினாள். "அக்காகிட்ட சொல்லு, ஆஸ்பத்திரிக்குப் போடின்னு தலையால அடிச்சுக்கிட்டேன்க்கா. சிரிச்சா. 'பொறந்ததுலேருந்து நான்தான் அவளைப் பாத்து வயிறெரிஞ்சேன். இப்பத்தான் அவ என்னைப் பாத்து எரியிறா. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்டி'ன்னா."

வாசலில் வண்டி வந்து நின்றது. "அக்கா, வந்துட்டாங்க" என்று தங்கையின் கணவன் குரல் கொடுத்தான்.

அக்கா எழுந்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் கிடந்த வெட்டுத் துணிகளைக் கையால் தரையில் தள்ளினாள்.

"உக்காரு" என்றாள் இஸ்திரிக்காரியிடம். "வேற என்னெல்லாம் சொன்னா?"