கையில் தூக்கிப் பார்த்த பவர் சப்ளை

பழைய இரும்புக் கடைக்காரருக்குத் தராசு என்று பட்டப்பேர். மூட்டையை ஒரு கையால் தூக்கி எடை சொல்லிவிடுவார். அப்புறம் தராசில் ஏற்றினால் முள் அவர் சொன்ன இடத்தில்தான் வந்து நிற்கும். அந்தப் பேர் அவருக்குப் பிடிக்கும். பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

ஆளை நம்புவது மட்டும் அவருக்கு வராது. செம்புக் குழாய்க்குள் மண்ணை அடைத்துக் கொண்டுவருகிறவன், தகர மூட்டைக்கு அடியில் கல்லைப் போட்டுக் கட்டுகிறவன் என்று ஆயுசு முழுக்க இப்படிப்பட்டவர்களோடு மல்லுக்கட்டினவர் வேறு எப்படி இருப்பார்? கையில் தூக்கும்போதே தெரிந்துவிடும். "கல்லை வீட்டுக்கு எடுத்துட்டுப் போப்பா, சுவருக்கு ஆகும்" என்பார். அவன் பல்லைக் காட்டுவான். ஏமாற்றினவனுக்கு வெட்கம் இருக்காது என்பது அவர் கண்டுபிடிப்பு.

அவருடைய மருமகள், வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வீடு கட்டுகிறவள். இன்னும் அஸ்திவாரமே தோண்டாத வீட்டை, சுவரும் ஜன்னலும் வெயிலும் வைத்து முடித்த வீடாகக் காட்டுவாள். கட்டிடக் காண்ட்ராக்டர் ஒருத்தர் தன் புது அடுக்குமாடிக்கு, ஆள் உள்ளே நடந்துபோய்ப் பார்க்கிற மாதிரி வீடியோ கேட்டிருந்தார். திங்கட்கிழமை காலையில் வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் என்றார். பிடித்துவிட்டால் இனி அவர் வேலை எல்லாம் இவளுக்குத்தான். பிடிக்காவிட்டால் வெளியூர்க் கம்பெனியில் இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். போனால் பேத்தியும் கூடப் போவாள். மகன் லாரி ஓட்டுகிறவன், அவனுக்கு எந்த ஊரில் வீடு இருந்தாலும் ஒன்றுதான்.

பேத்தி போய்விடக் கூடாது. அவ்வளவுதான் தராசுக்கு. ஆனால் வாயைத் திறந்து சொன்னதில்லை. "போறவங்க போகட்டும், கரண்டு பில்லாவது குறையும்" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வீடியோவுக்காக மருமகள் படங்களை வேகமாக வரைந்து தருகிற பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்று புதிதாக வாங்கிக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மாட்டியிருந்தாள். மாட்டினதும் நன்றாகத்தான் ஓடியது. வேலையைக் கொடுத்ததும் பொட்டென்று அணைந்தது. திரும்பப் போட்டாள், திரும்ப அணைந்தது.

"என்னம்மா, படுத்துருச்சா?" என்றார் தராசு.

"இல்ல மாமா. கரண்டு பத்தல."

"வீடு முழுக்க லைட்டு எரியுது, கரண்டு பத்தலையா?"

"வீட்டுக்கு வருது. ஆனா இந்தப் பெட்டிக்குள்ள ஒரு பவர் சப்ளை இருக்குல்ல, அதுதான் கரண்டை மாத்தி ஒவ்வொண்ணுக்கும் பங்கு போடுது. இது பழசு, சின்னது. ரெண்டு பேருக்கு உலை வச்ச வீட்டுல பத்துப் பேர் வந்து உக்காந்த மாதிரி ஆயிருச்சு."

"எவ்வளவு பெருசு வேணுமாம்?"

"கார்டு முழு மூச்சா ஓடினா இருநூத்தி இருபது வாட் இழுக்கும். பிராசஸர் நூத்தி இருபது. மத்ததுக்கெல்லாம் ஒரு அறுபது. ஆக நானூறு. ஆனா இழுத்துப் பிடிச்சு நானூறே வாங்கக் கூடாது, மூச்சு விட இடம் வேணும். அறநூத்தி அம்பதுல நல்லதா ஒண்ணு வாங்கினா நிம்மதி."

"நானும் வர்றேன்."

"நீங்க எதுக்கு மாமா?"

"அவன் உன் தலையில மிளகா அரைச்சிருவான்."

அடுப்படியில் இருந்து தராசின் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "கூட்டிட்டுப் போம்மா, கடையைத் தூக்கிப் பார்த்து எடை சொல்லுவாரு."

கம்ப்யூட்டர் கடை சின்னது. கண்ணாடி மேசைக்குப் பின்னால் கடைக்காரர், அவருக்குப் பின்னால் கூரை வரை பெட்டிகள், மாடியில் அவர் குடித்தனம். தராசுக்கு அவரைப் பார்த்ததும் பிடிக்கவில்லை. சட்டை ரொம்ப வெள்ளையாக இருந்தது.

மருமகள் கேட்டதும் கடைக்காரர் யோசிக்காமல் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். "அறநூத்தி அம்பது. உங்க கார்டுக்கு இது போதும், கண்ணை மூடிட்டு வாங்கலாம்."

கண்ணை மூடிக்கொண்டு என்றதுமே தராசு இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்தார். மேல் தட்டில் இன்னொரு பெட்டி இருந்தது. நெருப்புப் படம் போட்டு, எழுநூற்றைம்பது என்று பெரிதாக எழுதியிருந்தது. விலையும் கம்மி.

"அதை எடு."

"அது வேண்டாம் பெரியவரே. சும்மா டைப் அடிக்கிற மெஷினுக்குச் சிலர் கேட்பாங்க, அவங்களுக்காக வச்சிருக்கேன். பெரிய கார்டைத் தாங்காது."

"அறநூத்தி அம்பது தாங்குமாம், எழுநூத்தி அம்பது தாங்காதாம். இது எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு?"

"மேல போட்டிருக்கறது சும்மா நம்பருங்க."

"அப்ப அதுல போட்டிருக்கறது மட்டும் சாமி நம்பரா? ரெண்டையும் உறையை விட்டு வெளியே எடு."

கடைக்காரர் எடுத்து வைத்தார். தராசு கைக்கு ஒன்றாகத் தூக்கினார். கண்ணை மூடினார். கடையில் நின்ற மற்ற இரண்டு மூன்று பேரும் வேடிக்கை பார்த்தார்கள். நெருப்புப் படக்காரன்தான் கனம். சந்தேகமே இல்லை.

"உள்ள சரக்கு இருக்கறதுதான் கனக்கும். காத்துக்கு ஏது எடை?" என்றார்.

மருமகள் அதைத் திருப்பி, பக்கவாட்டில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள். "மாமா, இங்க பாருங்க. பன்னெண்டு வோல்ட் வரியில இருபது ஆம்பியர்தான் போட்டிருக்கு. கார்டும் பிராசஸரும் அந்த வரியிலதான் எடுக்கும். ரெண்டையும் பெருக்கினா வெறும் இருநூத்தி நாப்பது வாட். மிச்சமெல்லாம் நமக்கு உதவாத வரியில காட்டியிருக்கான்."

"பொடி எழுத்துல எவன் எதை வேணா எழுதுவான். எடையை எழுத முடியுமா?"

"மாமா…"

"நீ சும்மா இரும்மா. ஒரு திருடன் ஒண்ணை வேண்டாங்கறான்னா அதுலதான் விஷயம் இருக்கு. லாபம் எதுல ஜாஸ்தியோ அதைத்தானே தள்ளப் பார்ப்பான்?"

கடைக்காரர் முகம் சிவந்தது. வெளி ஆட்கள் முன்னால் மாமனாரை மடக்கிப் பேச மருமகளுக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குள் என்றால் ஒரு கை பார்த்திருப்பாள். அதற்குள் தராசு காசை மேசையில் வைத்துவிட்டார். எடை பார்த்துப் பேசி முடித்ததும் உடனே காசை வைத்துவிடுவது கடையில் பழகின பழக்கம். அதற்கு மேல் எதிராளி பேச முடியாது.

அன்றைக்குச் சாயங்காலம் மருமகள் அதை மாட்டினாள். கம்ப்யூட்டர் எழுந்தது. படத்தில் சோபாவை நகர்த்தினாள், திரைச்சீலைக்கு நிறம் மாற்றினாள், எல்லாம் ஒழுங்காக நடந்தது. தராசு பின்னால் கை கட்டிக்கொண்டு நின்றார்.

"தாங்காதுன்னானே! தாங்குதா இல்லையா?"

"இன்னும் அதுக்கு வேலையே கொடுக்கல மாமா. நாளைக்குக் காலையில படத்தையெல்லாம் வீடியோவா மாத்த ஓட விடும்போதுதான் தெரியும், மணிக்கணக்கா முழு மூச்சா இழுக்கும்."

"தெரியும், தெரியும்" என்றார் தராசு.

தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவை ஓட விட்டாள். விசிறி இரைந்தது. தராசு காபி குடித்து முடிக்கவில்லை, டப் என்று ஒரு சத்தம். திரை இருண்டது. பிளாஸ்டிக் கருகின வாடை முன்னறையைத் தாண்டி அடுப்படி வரை வந்தது. மருமகள் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

அவள் கத்தியிருந்தால் தராசு பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வெறும் திரையைப் பார்த்தாள்.

"கார்டும் போயிருச்சான்னு தெரியல. பழசைத் திரும்ப மாட்டினாலும் வேலை கொடுத்ததும் அணைஞ்சிரும், நல்ல பவர் சப்ளை வேணும். இன்னைக்குக் கடை லீவு. விடுங்க மாமா. நாளைக்கு அந்தக் கம்பெனிக்கு வர்றேன்னே சொல்லிர்றேன்."

பேத்தி உள்ளே கட்டிலில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தராசு அந்தப் பக்கம் பார்க்காமல், கடை இருக்கிற கொல்லைக்கு நடந்தார். அங்கே குவித்து வைத்திருந்த பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இருந்து மூன்று பவர் சப்ளையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"இதுல எது கனமோ…" என்று ஆரம்பித்தவர், தானே நிறுத்திக்கொண்டார்.

"மூணுமே முந்நூறு வாட் மாமா. கார்டுல மாட்டற எட்டு முள் வயரே இதுல கிடையாது."

கருகினதை அவளே கழற்றித் தரையில் வைத்தாள். அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"உடனே திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ள கரண்டு நிக்கும்."

"தெரியும், அடி வாங்கினவன்தான். உள்ள கை வைக்க மாட்டேன்" என்றார். ரப்பர் உறை மாட்டிக்கொண்டு மேல் மூடியை மட்டும் கழற்றினார்.

மூடி தனியாகக் கையோடு வந்தது. கை கீழே இறங்கியது. வெறும் தகரத்துக்கு இந்தக் கனம் எங்கிருந்து வந்தது? திருப்பினார். உட்பக்கத்தில் தடியான இரும்புத் தகடு ஒன்று, மஞ்சள் பசை போட்டு ஒட்டியிருந்தது. எந்த வயரும் அதில் போய்ச் சேரவில்லை. பெட்டிக்குள் நாலு சாமான், அதிலும் ஒன்று வெடித்து நின்றது. மற்றதெல்லாம் காலி இடம்.

தராசு அந்தத் தகட்டை விரலால் தட்டிப் பார்த்தார்.

"கல்லு" என்றார்.

வீட்டுக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னது, கம்ப்யூட்டருக்குள்ள கல்லா?"

"மூட்டைக்கு அடியில போடுவானுங்களே, அதேதான். என்னை மாதிரி ஒரு கிறுக்கன் தூக்கிப் பார்ப்பான்னு தெரிஞ்சே வச்சிருக்கான்." மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "கிளம்பும்மா. கடை லீவுன்னா என்ன, அவன் மாடியிலதானே இருக்கான்."

கடைக்காரர் ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டே மாடியில் இருந்து எட்டிப் பார்த்தார். "யாரு? ஓ, எடை போடறவரா! நேத்து நான் திருடன். இன்னைக்கு என்ன?"

"இன்னைக்கும் எனக்கு உன்னைப் பிடிக்கல. ஆனா நீ சொன்னது சரி. கீழ இறங்கி வா."

இறங்கி வந்து மூடியைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. பெரியவர் முகத்தைப் பார்த்து அதை அடக்கிக்கொண்டார். "இரும்பு ஒட்டியிருக்கறது சத்தியமா எனக்கும் தெரியாதுங்க."

"சொல்லுவ. மட்டமான சரக்குன்னு தெரிஞ்சும் அதை எதுக்குத் தட்டுல வச்ச?"

"கேட்டு வாங்கறாங்களே. சண்டை போட்டு வாங்கறாங்க."

ஷட்டர் பாதிக்கு ஏறியது. மூன்று பேரும் குனிந்து உள்ளே போனார்கள். சாம்பல் நிறப் பெட்டி மேசைக்கு வந்தது. தராசின் கை தானாக அதை நோக்கி நீண்டது. பாதி வழியில் அதை இழுத்து, முதுகுக்குப் பின்னால் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"படிம்மா. பொடி எழுத்தை."

"பன்னெண்டு வோல்ட்டுல அம்பத்தி நாலு ஆம்பியர். பெருக்கினா அறநூத்தி அம்பதை ஒட்டி வருது. எட்டு முள் வயரு ரெண்டு இருக்கு."

"அப்ப வெளியில சொன்னதைத்தான் உள்ளயும் சொல்றான்."

"அஞ்சு வருஷம் காரண்டி வேற" என்றார் கடைக்காரர்.

"அஞ்சு வருஷம் நீ கடையை நடத்துவியா?"

"நான் நடத்துவேன். நீங்க சண்டைக்கு வரணும், உடம்பைப் பார்த்துக்கங்க."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். தராசு பெட்டியை வாங்கி அவளிடமே கொடுத்தார்.

வீட்டில் அவள் ஒவ்வொரு வயராக மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. தராசு சுவரைப் பார்த்து நின்றார். வீட்டுக்காரி கரண்டியோடு வாசற்படியில் நின்றாள். திரை வெளுத்தது. எழுத்துகள் வந்தன.

"கார்டு பிழைச்சுருச்சு" என்றாள் மருமகள். அப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. உடனே துடைத்துக்கொண்டு வீடியோவை வெட்ட ஆரம்பித்தாள். முழுசாக ஓட விட நேரம் பற்றாது. மொட்டை மாடியையும் கார் நிறுத்துகிற இடத்தையும் விட்டுவிட்டு, வாசல், மாடிப்படி, ஒரு வீடு மட்டும் என்று குறைத்தாள். இந்தத் தடவை அணையவில்லை. பெட்டியில் கை வைத்துப் பார்த்தால் சூடுகூட அதிகம் இல்லை.

காண்ட்ராக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். வீடியோவைப் பார்த்தார். மாடிப்படியில் விழுந்த வெயிலை இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தார். முடிந்ததும், "மொட்டை மாடி எங்கம்மா? அதைக் காட்டித்தானே நான் வீட்டை விக்கணும்?" என்றார்.

"நேத்து கரண்டு கொஞ்சம்…" என்று மருமகள் இழுத்தாள்.

"கரண்டு மேல பழியைப் போடாதம்மா" என்றார் வாசற்படியில் நின்ற தராசு. "கரண்டு நல்லாத்தான் இருந்துச்சு. இவ ஒண்ணு கேட்டா, நான் தூக்கிப் பார்த்துட்டு வேற ஒண்ணை வாங்கிக் கொடுத்தேன். உள்ள இரும்பை ஒட்டி எடை காட்டியிருக்கான். அதுல ஒரு பகல் பாழாப்போச்சு. கேக்கறதா இருந்தா என்னைக் கேளுங்க."

காண்ட்ராக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பழைய இரும்பு வியாபாரம் பண்றவர்கிட்டயே இரும்பை வித்துட்டானா?" என்று கேட்டு, நாற்காலி குலுங்கச் சிரித்தார். "எனக்கும் கம்பி லோடுல இப்படி நடந்திருக்கு, வெளியில சொன்னதில்ல. சரிம்மா. வியாழக்கிழமை மொட்டை மாடியைக் காட்டு. அடுத்த கட்டிடத்து வரைபடமும் சாயங்காலம் அனுப்பறேன்."

அவர் போனதும் மருமகள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். வர முடியாது என்று அவள் கம்பெனிக்காரர்களிடம் சொன்னது தராசின் காதில் விழுந்தது. விழாத மாதிரி, ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து மூடியில் இருந்த இரும்புத் தகட்டை நெம்பிக்கொண்டிருந்தார்.

"அதை எடுத்து மாட்டி வையுங்களேன், ஞாபகத்துக்கு" என்றாள் வீட்டுக்காரி.

"ஆமா, மாலை போட்டுக் கும்பிடு."

"சரி, எவ்வளவு இருக்கும்? தூக்கிப் பார்த்துச் சொல்லுங்க."

"தராசு அங்க இருக்கு. வச்சுப் பார்த்துக்க" என்று சொல்லி, தகட்டை இரும்புக் குவியலில் வீசினார்.