கரும்பிக்குச் சொன்ன குறைகள்

மாரண்டஹள்ளிக்கு மேற்கே, வீரமணியின் மாட்டுக்கொட்டாயில் இருந்த கரும்பி என்ற எருமை, அவன் மனைவி நிர்மலாவைத் தவிர வேறு யார் கறந்தாலும் பாலை அடக்கிக்கொள்ளும். சந்தேகமிருந்தால் கரும்பியையே கேட்கலாம். அது இல்லையென்று சொன்னதே கிடையாது.

அதனால் நிர்மலா வெளியூரில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. இப்போது அரூரில் தங்கை சுசித்ராவுக்கு வளைகாப்பு. தாயில்லாத பெண், முதல் வளையலை அக்காதான் போட வேண்டும். போகாமல் இருக்க முடியாது.

வீரமணி அவள் சேலையைக் கட்டிக்கொண்டு கறக்க உட்கார்ந்தான். கரும்பி முந்தானையை முகர்ந்துவிட்டு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டது. மீசையை எடுத்துவிட்டு வந்தான். அப்போதும் சொட்டு இல்லை. நிர்மலாவின் குரலைச் செல்போனில் பதிந்து அதன் காதருகே ஒலிக்க வைத்தார்கள். கரும்பி அந்தச் செல்போனைத் தின்னப் பார்த்தது.

அப்படித் தன்னிடம் என்னதான் இருக்கிறது என்று நிர்மலாவுக்கே தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. அன்று சாயங்காலம் பேசாமல் கறந்து பார்த்தாள். பால் நின்றது. பாடிப் பார்த்தாள். இரண்டு சொட்டு விழுந்தது. அலுப்பில், “தவிட்டு மூட்டைய இறக்கச் சொன்னா இந்த மனுசனுக்குக் காதே கேக்கறதில்ல” என்று முணுமுணுத்தாள். கரும்பியின் காதுகள் முறம்போல விரிந்தன. பால் குபுகுபுவென்று இறங்கியது.

யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். மாமியார் பெரியம்மாள் இருந்தவரை, கரும்பியின் தாயைக் கறக்கும்போதெல்லாம் மாமனாரைத் திட்டிக்கொண்டே கறப்பார். வயிற்றுக்குள் இருந்தே கேட்டு வளர்ந்த கன்று இது.

மறுநாள் காலை வீரமணி கரும்பியருகே குந்தினான். வீரமணி ஒரு சோம்பேறி என்று சொல்லிப் பார்த்தான். அது அசையவில்லை. பொத்தாம்பொதுவாகச் சொன்னால் கரும்பி ஒப்புக்கொள்ளாது, ஆதாரம் கேட்கும். வீரமணி தொண்டையைச் செருமினான்.

“போன ஐப்பசியில மோட்டார நிறுத்தாம தூங்கிட்டு, தக்காளிய முழுக வச்சது நாந்தான். கரண்டுமேல பழியப் போட்டுட்டேன்.”

குண்டா நிறைந்து நுரை தளும்பியது.

“ஓ, அது நீங்கதானா?” என்றாள் நிர்மலா. கோபப்பட நேரமில்லை. அரூர் போக பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

முதல் வளையலை அவள்தான் போட்டாள். இரண்டு ராத்திரி தங்கித் திரும்பியபோது, பால் கேன்கள் போதாமல் தண்ணீர்க் குடத்திலும் பால் நின்றது. ஆசையோடு கறக்க உட்கார்ந்து பழைய குறைகளை எடுத்துவிட்டாள். கரும்பி கொட்டாவி விட்டது. அவள் தோளுக்கு மேலாக வீரமணியைத் தேடியது.

“அப்பிடி என்னங்க சொன்னீங்க இதுகிட்ட?”

“அது எனக்கும் கரும்பிக்கும் இருக்கட்டும்.”

நிர்மலாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மதியம், கடத்தூரில் சித்தி வூட்டுக்குப் போவதாகச் சொல்லிப் பையோடு புறப்பட்டவள், வழியிலேயே திரும்பி வந்து வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றாள். வீரமணி குந்தினான். எருமையின் காதுக்குள் ஏதோ சொன்னான். கரும்பி மூச்சை இழுத்துவிட்டது. பால் விழுந்த சத்தத்தில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவன் விசும்புகிறானா சிரிக்கிறானா என்பதும் தெரியவில்லை. தாங்க முடியாமல் போரைவிட்டு வெளியே வந்தாள்.

பால் சட்டென்று நின்றது. வீரமணி நிமிர்ந்து பார்த்தான். கரும்பியும் பார்த்தது, கதையின் நடுவில் வந்து நின்றவளைப் பார்ப்பதுபோல.

“நீ கெளம்பு நிர்மலா, இது பாதியில நிக்குது” என்றான்.

நிர்மலா பையைத் தூக்கிக்கொண்டு நிஜமாகவே கடத்தூருக்குப் போனாள்.