மாமனாரின் மண்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வீட்டின் பின்பக்கம், மதிலோரமாக, மாமனார் மண்வெட்டியோடு நின்றார். அந்த மண்வெட்டி அதற்கு முன் அவரைப் பார்த்ததில்லை.

"மாப்பிள்ளை, இங்க வாங்க. இதுக்குப் பேரு என்ன?"

மாப்பிள்ளை அவர் காட்டிய இடத்தைப் பார்த்தான். "மண்ணு மாமா."

"அப்பாடா. நேத்து நீங்க கடையில போய் மண்ணு வாங்கிட்டு வந்தீங்கன்னு உங்க அத்தை சொன்னா. அப்போ நம்ம வீட்டுக்கு அடியில இருக்கறது என்னன்னு எனக்குத் தூக்கமே வரலை."

மாமனார் வேலையில் இருந்த காலம் முழுக்கத் தணிக்கை அதிகாரி. அடுத்தவர் செய்ததில் தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு அதே வேலையை இலவசமாகச் செய்கிறார்.

மாப்பிள்ளை விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் அலுவலகத்தில் இருந்தான். எல்லோரும் தங்கள் டிக்கெட்டைத் தாங்களே போட்டுக்கொள்ளப் பழகியதும் அலுவலகம் மூடிக்கொண்டது. மனைவியோடு மாமனார் வீட்டு முன்னறைக்குக் குடிவந்தான். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லித்தான் வந்தார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. மாமனார் மட்டும் தினமும் காலண்டர் தாளைச் சற்றுச் சத்தமாகக் கிழித்தார்.

வாரக்கடைசியில் ஒரு நர்சரிக்குப் போய் எடுபிடி வேலை செய்ததில் விதை போட்டு நாற்று எழுப்பக் கற்றுக்கொண்டிருந்தான். மொட்டை மாடி சும்மா வெயில் காய்ந்துகொண்டிருந்தது. விட்டுக்கொடுத்தால் காய்கறி நாற்று வளர்த்து விற்கலாம். கேட்டான். மாமனார் மறுக்கவில்லை. மாடிச் சாவி இருந்த சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"முதல்ல ஒரு தட்டு தக்காளி முளைக்க வச்சுக் காட்டுங்க. முளைச்சா மாடி உங்களுது. முளைக்கலைன்னா பெரியவரோட கடைக்குப் போயிடுங்க."

பெரியவர் என்றால் மூத்த மாப்பிள்ளை, இவனுடைய சகலை. டைல்ஸ் ஷோரூம் வைத்திருக்கிறார். அங்கே இவனுக்கு ஒரு நாற்காலி காத்திருக்கிறது. அதில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் தரையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

எனவேதான் சனிக்கிழமை முழுவதும் அவன் மண்ணுக்காக அலைந்தான். ஒரு பையில் ரோஜாப் படம் போட்டு, எல்லாச் செடிக்கும் ஏற்றது என்று எழுதியிருந்தது. எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று விற்கிற சட்டை யாருக்குப் பொருந்தியிருக்கிறது? அதை வைத்துவிட்டான். இன்னொன்றில் உரம் தூக்கலாக இருந்தது. பிஞ்சு வேர் பொசுங்கிப் போகும். அதையும் வைத்துவிட்டான். கடைசியில் நாற்றுக் கலவை என்று ஒன்று கிடைத்தது. தேங்காய் நார்த்தூள், சலித்த மக்கு உரம் கொஞ்சம், காற்றோட்டத்துக்கு வெள்ளை வெள்ளையாகப் பெர்லைட் என்கிற பொரிகல். ஈரமாக்கிக் கையில் பிடித்தால் உருண்டையாக நின்றது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது. இதற்காகத்தான் மூன்று கடை ஏறி இறங்கினான்.

மாமனார் இப்போது அந்தப் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, காத்து மாதிரி இருக்கு. காத்தையா காசு குடுத்து வாங்கினீங்க?"

"வேருக்குக் காத்து வேணும் மாமா."

"எனக்கும்தான் வேணும். அதுக்காகக் கடைக்கா போறேன்?" பையைத் திருப்பினார். "இதுல சத்து ரொம்பக் கம்மின்னு அவனே போட்டிருக்கான்."

"முளைக்கற விதைக்குச் சத்து தேவையில்லை மாமா. அதுக்கு வேண்டிய சாப்பாடு அதுக்குள்ளயே இருக்கு."

"அடடே. தன் சாப்பாட்டைத் தானே கொண்டு வர்ற ஜீவன்கூட இந்த வீட்டுக்கு வருதா?"

"ஏங்க!" என்று சமையலறை ஜன்னலிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "போன வருஷம் பாத்திரம் கழுவற தண்ணி போற இடத்துல தானா ஒரு தக்காளி முளைச்சுது. நான்தான் குச்சி நட்டு, கட்டிவிட்டு வளர்த்தேன். எல்லாரும் சாப்பிட்டோம். அதுக்கு யாரும் மீட்டிங் போடலை."

மீட்டிங் தொடர்ந்தது. முடிவில் போட்டி என்று ஆனது. நாற்று விடுகிற குழித்தட்டு இரண்டு. ஒன்றில் கடை மண். ஒன்றில் மாமனார் மண். விதை ஒரே பொட்டலம்.

மாமனார் மதிலோரம் வெட்டினார். வந்த கட்டியை அப்படியே தட்டில் போட்டுக் கட்டை விரலால் குத்திக் குத்தி இறுக்கினார். சுவர் எழுப்பலாம் போல ஆயிற்று.

"மாமா, அதுல களை விதை இருக்கும். சலிச்சு, சூடு காட்டிட்டு..."

"மண்ணுக்கு வெந்நீர் வச்சுக் குளிப்பாட்டவா? பவுடரும் போடணுமா?"

மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டான். வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளைக்கு அது நன்றாகப் பழகிய வேலை.

நாலைந்து நாள் போயிருக்கும். மாமனார் தட்டு பச்சைப் பசேலென்று எழுந்து நின்றது. குழிக்குள் மட்டுமல்ல, குழிக்கும் குழிக்கும் நடுவில் சிந்திய மண்ணிலும் எழுந்தது. வீடே பின்பக்கம் கூடியது. மாமியார் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டு, அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி உள்ளே போனார். மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொடியேற்றியவர் போல நின்றார். பெரியவரை வீடியோவில் கூப்பிட்டார்கள்.

"மாமா கையே கை!" என்றார் பெரியவர். "வெறும் மண்ணுல என்னமா வந்திருக்கு! சகலை எங்க? சகலை, கவலைப்படாதீங்க. உங்க நாற்காலியை ஏசிக்குக் கீழயே போடச் சொல்லிட்டேன்."

"சந்தோஷம் சகலை."

"வெயில்ல அலைஞ்ச ஆளு, குளிர்ச்சியா இருக்கட்டும்னுதான்."

மாப்பிள்ளையின் தட்டில் மண் மட்டும் இருந்தது. மாமனார் அதை மிகுந்த அனுதாபத்தோடு பார்த்தார். "காத்து நல்லா வந்திருக்கு மாப்பிள்ளை" என்றார்.

அலுவலகத்திலிருந்து வந்த மனைவி, கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றாமலேயே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"உன் தட்டுல ஏன் ஒண்ணுமே வரலை?"

"தக்காளி இவ்வளவு அவசரமா வராது."

"அப்பாவுக்கு மட்டும் வந்திருக்கே?"

"அது தக்காளி இல்லை, களை. மதிலோரம் போய்ப் பாரு. அதோட அண்ணன் தம்பி எல்லாம் அங்க நிக்கறாங்க. அந்த இறுகின மண்ணுல தக்காளி அழுகிப் போயிருக்கும்."

அவள் நிமிர்ந்தாள். "அப்போ அப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"என்னோடது வரட்டும். அப்புறம் சொன்னா உண்மை. இப்போ சொன்னா வயித்தெரிச்சல்."

"வரும்ல?"

"வரும்."

"எனக்கு உன் நாத்து பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா நீ டைல்ஸ் கடையில உக்காந்தா எப்படி இருப்பேன்னு தெரியும். அந்த மூஞ்சியோட என்னால குடும்பம் நடத்த முடியாது. முளைக்கச் சொல்லு."

முளைத்தது. முதலில் வெளுத்த கழுத்துகள் வளைந்து மண்ணைத் தள்ளின. மறுநாள் தலை நிமிர்ந்து ஒல்லியாக இரண்டிரண்டு இலை விரித்தன. அனேகமாக எந்தக் குழியும் பாக்கியில்லை. மாப்பிள்ளை யாரிடமும் வாய் திறக்கவில்லை. மேலும் சில நாளில் நடுவே பல் வைத்த இலை தலைகாட்டியது. சின்னப் பிள்ளைகூடத் தக்காளி என்று சொல்லிவிடும். மாமனாரிடம் காட்ட இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிடுவதென்று தீர்மானித்தான். ஜெயிக்கிறவனுக்கும் கூட்டம் வேண்டுமல்லவா?

சனிக்கிழமை காலை மாமனார் கூப்பிட்டார். "பெரியவரோட கடையைச் சும்மா ஒரு தடவை பாத்துட்டு வந்துடுங்க மாப்பிள்ளை. பாக்கறதுல என்ன குறைஞ்சிடப் போகுது?"

போனான். நாற்காலி உண்மையிலேயே ஏசிக்குக் கீழே இருந்தது. பெரியவர் அவனை அதில் உட்காரவைத்து, தூர நின்று பார்த்தார். சுவரில் மாட்டுகிற படத்தை நேராக இருக்கிறதா என்று பார்ப்பது போல.

"பொருத்தமா இருக்கீங்க சகலை. இதப் பாருங்க, புதுச் சரக்கு." ஒரு பழுப்பு டைல்ஸை எடுத்து மடியில் வைத்தார். "மண்ணு கலரு. மண்ணு கோடு. தொட்டுப் பாருங்க, அதே சொரசொரப்பு. ஆனா மண்ணு மட்டும் ஒட்டாது. எப்படி?"

"பிரமாதம்" என்றான் மாப்பிள்ளை. அது அவன் மடியில் கனத்தது. உடம்பு சில்லிட்டது. நாளைக்கு ஞாயிறு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பினான். செருப்பைக் கழற்றாமல் நேரே பின்பக்கம் போனான்.

அவன் தட்டு துடைத்துவிட்டது போல இருந்தது. குழிகள் இருந்தன. கலவை இருந்தது. ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு சின்ன ஓட்டை இருந்தது.

பக்கத்தில் மாமனார் தட்டு செழித்துக் கிடந்தது. மாமனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குழாயடியிலிருந்து வந்தார்.

"பாத்தீங்களா? உங்க தட்டுல ஒரே களை மாப்பிள்ளை. கடை மண்ணுன்னா இப்படித்தான், கண்டதும் கலந்து குடுப்பான். நீங்க வந்தா சங்கடப்படுவீங்களேன்னு நானே உக்காந்து ஒவ்வொண்ணா புடுங்கிட்டேன். இடுப்பே விட்டுப்போச்சு. நன்றியெல்லாம் வேண்டாம்."

மாப்பிள்ளை குனிந்து ஓர் ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தான்.

"களைன்னு எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?"

"இது என்ன கேள்வி? என் தட்டுல இருக்கற மாதிரி அது இல்லையே."

வேலைக்காலம் முழுக்க அவர் இப்படித்தான் தணிக்கை செய்திருக்க வேண்டும்.

"புடுங்கினதை எங்க போட்டீங்க?"

"குப்பை வண்டி வந்துச்சு, குடுத்துட்டேன். எதையும் அரைகுறையா விடற பழக்கம் எனக்கு இல்லை."

சொல்வதற்கு நிறைய இருந்தது. காட்டுவதற்கு ஒன்றுமில்லை. கையில் ஆதாரமில்லாமல் இந்த வீட்டில் யாரும் எதையும் நிரூபித்ததில்லை. மாப்பிள்ளை உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள். பின்பக்கம் போய்விட்டு வந்தாள். எதிரில் உட்கார்ந்து, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமனார் நல்ல பசியில் இருந்தார். "பெரியவருக்குப் போன் போட்டு ஒண்ணாந் தேதியே வந்துடறோம்னு சொல்லிடலாம். என்ன மாப்பிள்ளை? போட்டின்னா தோத்தவங்களும் கௌரவமா ஒத்துக்கணும். அந்தத் தண்ணியை எடு."

மாமியார் தண்ணீர் டம்ளரை நீட்டினார். வாங்க நீட்டிய மாமனாரின் இடது கையை மாமியார் அப்படியே பிடித்துக்கொண்டார். குனிந்து முகர்ந்தார்.

"என்னடி இது, பிள்ளைங்க முன்னாடி?" மாமனாருக்கு வெட்கமாகிவிட்டது.

"சோப்புப் போட்டீங்களா?"

"போட்டேன். போகவே மாட்டேங்குது. பச்சையா என்னவோ வாசம். கடைக்காரன் மருந்து கிருந்து கலந்திருப்பான்."

மாமியார் கையை விட்டார். எழுந்து பின்பக்கம் போனார். யாரும் சாப்பிடவில்லை. மாமனார் மட்டும் சாப்பிட்டார். மாமியார் திரும்பி வந்தபோது கையில் மாமனார் தட்டிலிருந்து கிள்ளிய நாலைந்து தழை இருந்தது. மேசையருகே நின்று அதைக் கசக்கினார். முகர்ந்தார். மகளிடம் நீட்டினார். அவளும் முகர்ந்தாள். மாப்பிள்ளையிடம் நீட்டவில்லை. அவனுக்குத் தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"இது வெறும் புல்லு வாசம்" என்றார் மாமியார். "போன வருஷம் பூரா அந்தத் தக்காளிச் செடியைக் கட்டிவிட்டுக் கட்டிவிட்டு என் கையில இருந்த வாசம்தான், இப்போ உங்க கையில இருக்கு."

மாமனார் குடிக்க எடுத்த டம்ளரைக் கீழே வைத்தார். தன் விரல்களை மெதுவாக மூக்குக்குக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்தி, கையை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தனக்கும் பரிமாறிக்கொண்டார்.

"ஏங்க, அந்த மொட்டை மாடிச் சாவி இந்தச் சட்டையில இருக்கா, அந்தச் சட்டையில இருக்கா?"